வழி சொல்வோன் பொறுப்பு

ஒருவன் நம்மிடம் வழி கேட்கிறான். நாம் சொல்கிறோம். அவன் நம் சொல்லை நம்பிச் செல்கிறான். செல்லும் வழியில் அவனுக்குத் தீங்கு நேருமாயின் அதில் நமக்கும் பங்கு உண்டா, இல்லையா?

இக்கேள்விக்குச் சாதாரண மனிதன் நூல்களில் விடை தேடுவதில்லை. தெரியாத இடத்துக்கு வழி கேட்டால், "எனக்குச் சரியாத் தெரியா மனே, அந்தக் கடையில கேட்டுப் பாருங்க" என்று கூறிவிடுகிறான். அதுதான் அவனது விடை. தெரியாததைத் தெரிந்ததுபோற் சொல்லி ஒருவனை அலைய வைப்பது தவறு என்பதை அவன் எவரிடமும் பாடங் கேட்டு அறியவில்லை. வழி சொல்லுதல் ஒருவகையில் வாக்குக் கொடுத்தலே என்பது அவன் வாழ்விற் கண்ட உண்மை.

இன்று வழி சொல்வது மனிதன் மட்டுமன்று. மருதமுனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் எமது கரையோர ஊர்களில் வாடகை வான் ஓட்டுவோர், நெல்லும் மீனும் ஏற்றும் லொறிக்காரர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், புதிதாகக் கார் வாங்கியவர் எனப் பலரிடமும் செய்மதி வழிகாட்டி ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது. சிலரிடம் அது முன் கண்ணாடியில் ஒட்டப்பட்ட தனிக் கருவி. பெரும்பாலோரிடம் கைத்தொலைபேசிக்குள் அடங்கிய செயலி. எது நல்லது, என்ன விலை, தமிழிற் பேசுமா, இணையம் இல்லாதவிடத்தும் வேலை செய்யுமா என்ற கேள்விகள் பாடசாலையின் ஆசிரியர் அறை வரை வந்துவிட்டன. அவை நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை கூறவும் முயல்வேன். ஆனால் ஒரு வழிகாட்டியைத் தெரிவு செய்தல் என்பது, எவரது சொல்லை நம்பி, வாகனத்துள் இருக்கும் பிள்ளைகளோடு இருளிற் செல்லப் போகிறோம் என்று தெரிவு செய்தலுமாகும். இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் விடை கூறமாட்டார்.

முதலிற் கருவியைப் புரிந்துகொள்ளுதல் வேண்டும். மேலேயிருந்து செய்மதி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதுவே வழியையும் சொல்கிறது என்று நம்மிற் பலர் நினைக்கின்றனர். இது பிழையான எண்ணம். செய்மதி எவரையும் பார்ப்பதில்லை. அதற்கு வீதியும் தெரியாது, கல்முனையும் தெரியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றிவரும் அச்செய்மதிகள் ஓயாது செய்யும் வேலை ஒன்றே: 'நான் இன்னது, இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு' என்று வானொலி அலையில் அறிவித்தல். அவ்வலை நம்மை வந்தடைய ஒரு செக்கனின் நூறில் ஏழு பங்கு நேரம் செல்கிறது. எவ்வளவு பிந்தி வந்தது என்பதைக் கொண்டு, அச்செய்மதி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை நமது கருவி கணித்துக்கொள்கிறது. நான்கு செய்மதிகளின் அறிவிப்புக் கிடைத்துவிட்டால், தான் நிற்கும் இடத்தையும் தன் கடிகாரத்தின் பிழையையும் அது ஒருங்கே கண்டுபிடித்துவிடும். ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாற்கூட இடம் 300 மீற்றர் தவறிப்போகும். ஆதலால் செய்மதிகளில் அணுக் கடிகாரங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஐன்ஸ்டைன் கூறியபடியே அவை பூமியிலுள்ள கடிகாரங்களைக் காட்டிலும் நாளொன்றுக்கு அத்தகைய 38 பங்கு வேகமாக ஓடுகின்றன. அதனைத் திருத்தாது விட்டால் ஒரே நாளிற் பத்துக் கிலோமீற்றருக்கு மேற் பிழை சேர்ந்துவிடும். வெறுங் கொள்கை என்று எவரோ ஒதுக்கிய விஞ்ஞானம் இன்று வான் சாரதியின் சட்டைப் பையில் வேலை செய்கிறது!

இந்த அமைப்பு மனிதருக்கு வழிகாட்டவென்று உருவானதன்று. ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறை 1973ஆம் ஆண்டில் திட்டமிட்டு, 1978இல் முதற் செய்மதியை ஏவியது. 1983 செப்டெம்பர் முதலாம் திகதி, பாதை தவறிச் சோவியத் வான்பரப்பினுட் புகுந்த தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, அமைப்பு நிறைவெய்தியதும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் அது திறந்துவிடப்படும் என்று ஜனாதிபதி றேகன் அறிவித்தார். 1995இல் அது முழுமை பெற்றது. அதன் பின்னுங்கூடப் பொதுமக்களுக்குக் கிட்டும் அலையில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் அப்பிழை நீக்கப்பட்டது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், சீனாவின் பெய்டோ, ஐரோப்பாவின் கலிலியோ, இந்தியாவின் நாவிக் ஆகியனவும் உள. இவற்றுட் குடிசார் நிர்வாகத்தின் கீழ் இயங்குவது கலிலியோ. கருவி வாங்குவோர் இவற்றுட் பலவற்றின் அலைகளை ஏற்கவல்லது எது என்று கேட்டு வாங்குவது நன்று. ஒன்று மறைந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

ஆக, 'நான் எங்கே நிற்கிறேன்' என்ற கேள்விக்கு இக்கருவிகள் தரும் விடை பெரும்பாலும் சரியானது. திறந்த வெளியில் ஐந்து மீற்றர் அளவுக்கு நெருங்கிச் சொல்லிவிடும். மனிதகுலத்தின் மிகப் பழைய அறிவுத் தாகங்களுள் ஒன்று இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கஸ்னி நகரிலிருந்து மக்காவின் திசையைச் சரியாகக் காணும்பொருட்டு, ஊர்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணிக்கும் முறைகள் பற்றி அல்பிரூனி ஒரு நூலே எழுதி 1025இல் முடித்தார். இன்று எமது ஊரில் வீடு கட்டுவோர் தொழுகை அறையின் திசையைத் தொலைபேசியில் ஒரு நொடியிற் பார்த்துக்கொள்கின்றனர். இதை இழித்துப் பேசுவது அறியாமை.

கேடு இவ்விடத்தில் இல்லை. நிற்குமிடம் ஒன்று, அதைச் சூழவுள்ள படம் வேறொன்று, செல்லவேண்டிய வழி மற்றொன்று. மூன்றையும் ஒரே குரல் சொல்வதால் மூன்றும் ஒரே அளவு உண்மை என்று நாம் மயங்குகிறோம்.

படம் வானிலிருந்து வருவதன்று; மனிதர் செய்தது. இந்நாட்டின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் நிறுவப்பட்டது. எந்தக் காலத்திலும் படம் வரைவோர் தமக்கு வேண்டியதையே வரைந்தனர். வரி கொள்ள வந்தோர் காணியை வரைந்தனர். படை நடத்த வந்தோர் பாதையை வரைந்தனர். பொருள் விற்க வந்தோர் இன்று கடைகளை வரைகின்றனர். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலை நோக்கி அடுத்தடுத்து ஓடும் நெருங்கிய ஒழுங்கைகளுள் எது கார் நுழையக்கூடியது, எது ஒரு சுவரிலே முட்டி நிற்பது என்பதை அறிய அங்கு ஒருவர் நடந்து பார்த்திருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கரையோர வீட்டு வரிசைகளோடு அவற்றினூடே சென்ற ஒழுங்கைகளும் அன்று அழிந்தன. பழைய படத்தில் அவை நெடுங்காலம் இருந்திருக்கும். படம் பொய் சொல்வதில்லை. அது ஒரு நாள் எவரோ கண்டதைச் சொல்கிறது. அந்த நாள் எது என்பதை மட்டும் சொல்வதில்லை.

பெயர்களையும் நோக்குக. எமது ஊர்ப் பெயர்கள் தாமே வழிகாட்டிகளாக இருந்தன. கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை என்றால் நிலம் நீட்டி நிற்கும் இடம் தோன்றும். மாவடிப்பள்ளி என்றால் மரம் தோன்றும். அட்டாளைச்சேனையிற் காவற்பரணும் சேனைப்பயிரும் தோன்றும். சம்மாந்துறை சம்பான்கள் வந்தடைந்த துறை என்பர். துறையென்றால் நீர் வரும் இடம் என்பது சொல்லாமலே விளங்கும். இவற்றை ஆங்கில எழுத்திற் பெயர்த்து, ஆங்கிலக் குரலொன்று படிக்கக் கேட்டால், அவ்வூரிற் பிறந்தவனுக்கே தன் ஊர் எதுவென்று புரிவதில்லை. தமிழ்க் குரல் இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்பவர்களைச் சிலர் பழமைவாதிகள் என நகைக்கின்றனர். அவர்கள் கேட்பது சரி. சந்தியை நெருங்கும்போது காதில் விழும் பெயர் உடனே பொருள்பட வேண்டும். திரையை உற்றுப் பார்க்க நேர்ந்தால் கண் வீதியிலிருந்து விலகும்.

மூன்றாவது, வழி. இதற்கான கணிதத்தை 1956இல் ஒல்லாந்தர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, அம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கோப்பிக் கடையில் அமர்ந்து, தாளும் எழுதுகோலுமின்றி இருபது நிமிடத்திற் சிந்தித்ததாக அவரே கூறியுள்ளார், 1959இல் வெளியிட்டார். இன்றைய வழிகாட்டிகள் அதன் வளர்ச்சிகளையே பயன்படுத்துகின்றன. முறை எளிது. ஒவ்வொரு வீதித் துண்டுக்கும் ஒரு விலை குறிக்கப்படும். கூட்டுத்தொகை மிகக் குறைந்த வழியே சிறந்த வழி. கணிதத்திற் குற்றமில்லை. ஆனால் விலையைக் குறிப்பவர் யார்? எதை எண்ணிக் குறிக்கிறார்? பெரும்பாலும் தூரமும் நிமிடமுமே எண்ணப்படுகின்றன. அறவியலின் பழைய வினாவொன்று இவ்வாறு கணக்கின் அடியில் ஒளிந்துகொள்கிறது. எது நல்லது என்று கேட்டவனுக்கு எது குறுகியது என்று விடை தரப்படுகிறது.

கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போக மூன்று வழிகளை எமது சாரதிகள் அறிவர். மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை ஊடாகச் செல்வது ஒன்று. அம்பாறை, மகியங்கனை ஊடாக மலையேறிக் கண்டிக்குச் செல்வது மற்றொன்று. பொத்துவில், சியம்பலாண்டுவை, வெல்லவாய, இரத்தினபுரி வழி இன்னொன்று. நிமிடக் கணக்கிற் கருவி ஒன்றைத் தெரிந்து தரும். ஆனால் மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளையையும், லகுகலைக் காட்டோரம் அந்தி சாய்ந்தபின் வீதியைக் கடக்கும் யானைகளையும், இரவு இரண்டு மணிக்கும் தேநீர் கிடைக்கும் கடையையும் அக்கணக்கு எண்ணுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலைநாட்டு வீதிகள் பலவற்றை மண்சரிவிற் புதைத்தபோது, வழிகளைப் பற்றிய முந்திய கணக்கெல்லாம் ஓரிரவிற் பயனற்றுப் போயிற்று. அனுபவமுள்ள சாரதி நோயாளியை ஏற்றினால் ஒரு வழி, மணவீட்டாரை ஏற்றினால் வேறு வழி போகிறார். ஏற்றியிருப்பது யார் என்பதிலேயே அவர் கணக்குத் தொடங்குகிறது.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்தவன் என்ற முறையில் ஆற்றுப்படையை நினையாதிருக்க முடியவில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. ஆறு என்பது வழி, ஆற்றுப்படுத்தல் வழிப்படுத்தல். வள்ளலிடம் பரிசு பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு, 'இன்ன வழியே போ, நீயும் பெறுவாய்' என்று கூறுவது இதன் அமைப்பு. இதைப் பரிசில் வாழ்க்கையின் புகழ்ப்பாட்டு என்று மட்டும் கொள்வாருமுளர். மன்னனைப் புகழும் பகுதியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, வழி கூறும் பகுதியைப் படித்தால் வேறொரு செய்தி புலனாகும். கூறுபவன் அவ்வழியே நடந்து வந்தவன். கேட்பவனின் பசியைத் தானும் அறிந்தவன். மலைபடுகடாம் என வழங்கும் கூத்தராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் வழியின் தூரம் பெரிதாகப் பேசப்படவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, பாம்பு ஒடுங்கும் குழிகள் எங்குள்ளன, பாறை எங்கு வழுக்கும், தினைப்புனங் காப்போரின் கவண்கல் எங்கு பாய்ந்து வரும், எந்தக் குடியில் உணவு கிடைக்கும் என்பனவே விரித்துரைக்கப்படுகின்றன. இன்னொன்றும் உண்டு. வழிகள் பிரியும் இடத்தில் நிலத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்று அவ்வழிகாட்டி கூறுகிறான். பின்னே வருவோர் தடுமாறாதிருக்க அது அடையாளமாகும். வழி கேட்டுச் செல்பவனையே வழி சொல்பவனாகவும் ஆக்கிவிடுகிறான்!

வழிகாட்டுதலின் அறம் இதைவிடத் தெளிவாகக் கூறப்பட்டதை நான் கண்டதில்லை. சொல்பவன் கண்டிருத்தல் வேண்டும். ஆபத்தை முதலிற் சொல்லுதல் வேண்டும். கேட்டவன் பின்வருவோனுக்குக் கடன்பட்டிருத்தல் வேண்டும்.

2024 நவம்பர் 24ஆம் திகதி இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், பரேலிக்கு அண்மையில் நடந்ததை இவ்வளவுகோல் கொண்டு பார்ப்போம். வழிகாட்டி காட்டிய வழியே சென்ற கார் ஒன்று ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் ஏறிற்று. பாலத்தின் ஒரு பகுதி முன்னரே வெள்ளத்திற் போய்விட்டிருந்தது. கார் கீழே விழுந்து மூவர் மாண்டனர். பொதுப்பணித் துறைப் பொறியியலாளர் சிலர் மீதும், வரைபட நிறுவனத்தின் பெயர் குறிக்கப்படாத அலுவலர் ஒருவர் மீதும் பொலிசார் வழக்குப் பதிந்ததாகச் செய்திகள் கூறின. பெயர் குறிக்கப்படாத அலுவலர் என்ற அத்தொடரை நான் பலமுறை படித்தேன். வழி சொன்ன குரல் இருந்தது. ஆனால் சொன்னவர் என்று சுட்டிக்காட்ட ஒருவர் இல்லை. செய்மதி சரியான இடத்தைச் சொல்லிற்று. கணிதம் குறைந்த விலையைக் கண்டது. படம் முன்னொரு நாள் உண்மையாயிருந்தது. பாலத்தை அடைத்து வைத்திருக்கவேண்டிய கை அங்கே இல்லை. அதாவது, எவரும் புல்லை முடிந்து வைக்கவில்லை. பொறுப்பு இத்தனை பேரிடையே பங்கிடப்பட்டபோது ஒவ்வொருவர் பங்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. நமது காலத்தின் பெரிய அநீதிகள் பல இவ்விதமே நிகழ்கின்றன.

இதனால், இயந்திரத்தை எறிந்துவிட்டு ஊராரைக் கேட்டுப் போவதே வழி என்று முடிவு கட்டுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். பரேலி விபத்துக்கு இரண்டு நாட் கழித்து, நவம்பர் 26ஆம் திகதி, எமது மாவட்டத்திலேயே, காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில், வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டது. மாணவர் பலர் உயிரிழந்தனர். அங்கே செய்மதியும் இல்லை, செயலியும் இல்லை. அவர்கள் வழி தெரியாத அந்நியருமல்லர். ஊரறிவு மட்டும் உயிரைக் காத்துவிடும் என்றால் அப்பிள்ளைகள் இன்று இருந்திருப்பர். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே கிட்டங்கித் தாம்போதியும் மாரி காலத்தில் இவ்வாறே நீரில் மூழ்குகிறது. தமிழில் ஆறு என்ற சொல் வழியையும் நதியையும் குறிக்கும். கார்த்திகை மார்கழியில் எமது தாம்போதிகளில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. அந்நாளில் இது வழியன்று என்று அறிவிப்பது கருவியின் கடமையா, வழக்கத்தின் கடமையா? இரண்டுமன்று. நீர்மட்டம் காட்டும் கம்பமும், தடையும், அருகே நிற்கும் ஒரு மனிதரும், அவரை அங்கே நிறுத்தும் ஓர் அதிகாரமும் வேண்டும். உயரமான பாலம் கட்டப்படும்வரை அதுவாவது வேண்டும்.

ஊராரைக் கேட்டல் என்பதையும் இனிமையான கிராமியக் காட்சியாக மட்டும் வரைந்துவிடக் கூடாது. எமது பிரதேசத்தில் வழி கேட்டல் என்பது பல ஆண்டுகள் உயிரோடு விளையாடுவதாயிருந்தது. 1985இலும் 1990இலும் நடந்தவற்றை அறிந்தோர்க்கு, ஒரு தமிழர் முஸ்லிம் ஊரிலும் ஒரு முஸ்லிம் தமிழ் ஊரிலும் வாகனத்தை நிறுத்தி வழி கேட்பதன் பொருள் என்னவாயிருந்தது என்பது தெரியும். வாயைத் திறந்தவுடன் பேச்சு ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். 2019 ஏப்ரலுக்குப் பின், தாடி வைத்த ஒருவர் தூரத்து ஊரொன்றில் வாகனத்தை நிறுத்தி வழி கேட்டால், முதலில் அவர் முகமும் அடையாள அட்டையுமே ஆராயப்பட்ட காலமும் வந்தது. இரவில் தனியே வாகனம் ஓட்டும் பெண்ணுக்கு, தெருவோரம் நிற்கும் ஆடவர் கூட்டத்திடம் வழி கேள் என்று உபதேசிப்பவர், தாம் அந்த இடத்தில் என்றும் நின்றறியாதவர். மொழி தெரியாத மஹரகமைக்கு, அபேக்ஷா மருத்துவமனை நோக்கி, புற்றுநோயாளியை நள்ளிரவில் ஏற்றிச் செல்லும் வான் சாரதிக்கு அக்கருவி செய்யும் உபகாரம் சிறிதன்று. நீ யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாது வழி சொல்கிறதே, அதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. மனிதர் தரத் தவறிய ஒன்றை இயந்திரம் தந்தால் வெட்கப்படவேண்டியவர் மனிதரே. இயந்திரத்தைக் குறை கூறுவதிற் பயனில்லை.

எனினும் அந்தச் சமத்துவத்துக்கு விலையொன்றும் பெறப்படுகிறது. தனியாக விற்கப்படும் வழிகாட்டி அலையைப் பெறுவதோடு நின்றுவிடும். தானே இணையத்தோடு தொடுக்கப்பட்டாலன்றி நாம் இருக்குமிடத்தை எவருக்கும் சொல்லாது. தொலைபேசிச் செயலி அப்படியன்று. நாம் எங்கிருந்து எங்கே, எவ்வளவு வேகத்திற் செல்கிறோம் என்பதைத் தன் எசமானருக்கு அறிவிக்கிறது. முன்னே நெரிசல் என்று அது எச்சரிப்பதெல்லாம் நமக்கு முன் சென்ற சாரதிகளின் தொலைபேசிகள் அறிவித்த செய்தியே. ஆக, இங்கேயும் முன்னே போனவரே பின்னே வருபவர்க்கு வழி சொல்கிறார்; புல்லை முடிந்து வைப்பவர் அவரேதான். ஆனால் அது தம் கையால் நடப்பதை அவர் அறியார். முடிந்த புல்லோ கம்பனியின் சொத்தாகிறது. ஆயிரமாயிரம் உழைப்பாளரின் நடமாட்டம் கூலியின்றித் திரட்டப்பட்டு, விளம்பரத்தோடு சேர்த்து அவர்களுக்கே திருப்பித் தரப்படுகிறது. இலவசம் என்கிறார்கள்!

இதற்கு மாற்றே இல்லையென்று சொல்வதற்கில்லை. 2004இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்னும் பொதுப்படம் எவருக்கும் சொந்தமானதன்று. விரும்பியவர் தம் ஊரின் வீதியை அதில் வரையலாம், திருத்தலாம். 2010 ஜனவரியில் ஹெயிற்றி நிலநடுக்கத்தால் அழிந்தபோது, உலகெங்குமிருந்த தொண்டர் சில நாட்களில் தலைநகரின் படத்தை வரைந்து மீட்புப் பணியாளர் கையிற் கொடுத்தனர். அப்படத்தைப் பயன்படுத்தும் செயலிகள் பல, இணையமின்றியும் வேலை செய்வன.

இனி, வாங்குவோர்க்கும் தெரிவு செய்வோர்க்கும் சில சொற்கள். மத்திய கிழக்கிலிருந்து திரும்பும் உறவினர் அன்போடு கொண்டுவரும் தனிக் கருவியிற் பெரும்பாலும் அந்நாட்டுப் படமே இருக்கும். இலங்கைப் படம் அதில் ஏற்றக்கூடியதா, எந்த ஆண்டுப் படம், புதுப்பிக்கத் தனிக் காசு கேட்பார்களா என்பவற்றை அறிந்த பின்னரே அதற்கு மதிப்பு. அன்றாடம் இவ்வூரைச் சுற்றியே ஓடுபவருக்குத் தனிக் கருவி வீண் செலவு. கையிலுள்ள தொலைபேசியே போதும். ஆனால் புறப்படுமுன் வழியிலுள்ள மாவட்டங்களின் படத்தை அதனுள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். காட்டுப் பகுதியிற் தொலைபேசி அலை அற்றுப்போனாலும் செய்மதி அலை அறாது; படம் உள்ளே இருந்தால் வழி நிற்காது. நீண்டதூர லொறிக்காரருக்குத் தனிக் கருவி பொருந்தும். வண்டியின் உயரத்தையும் பாரத்தையும் ஏற்று அதற்கேற்ப வழி சொல்லும் வகைகள் உள்ளன, சாதாரணச் செயலிகளோ லொறியையும் காரென்றே எண்ணும். நண்பகல் வெயிலில் முன் கண்ணாடியருகே ஒட்டிய தொலைபேசி சூடேறி அணைந்துபோவதையும் கருதிக்கொள்க. 'குறுகிய வழி' என்ற அமைப்பை நீக்கி, பிரதான வீதிகளையே நாடும்படி அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதுவே எமது மாரி காலத்துக்கு உகந்தது. செல்லுமிடத்தை வண்டி நகருமுன் குறித்துவிட வேண்டும். காட்டிய வழி முழுவதையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவி எந்த ஆற்றைக் கடக்கச் சொல்கிறது என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்தபின் அவ்விடத்து ஆளொருவருக்குத் தொலைபேசியில், "காக்கா, தாம்போதியில தண்ணி எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதற்கு எந்தக் கருவியும் தடையில்லை.

எமது பாடசாலைகளில் புவியியல் பாடத்துக்குத் தேசப்படம் வரைதல் உண்டு. ஐரோப்பாவின் ஆறுகளை மாணவர் ஒழுங்காக வரைந்து மை தீட்டுகின்றனர். அதே மாணவரைக் கொண்டு, நற்பிட்டிமுனையிலிருந்து சவளக்கடை வரையுள்ள வீதியையும், அதன் தாம்போதியையும், முட்டி நிற்கும் ஒழுங்கைகளையும், மாரியில் எந்த மாதம் எவ்விடத்தில் எவ்வளவு நீர் நின்றது என்பதையும் நடந்து பார்த்துப் பொதுப்படத்திற் குறிக்கச் செய்யலாம். பிரதேச சபையின் அனுமதி இதற்கு வேண்டியதில்லை. ஒரு தொலைபேசியும் இரண்டு சனிக்கிழமைகளும் போதும். பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். அம்பாறையிலிருந்து வரும் சாரதிக்கும் அது பயன்பட வேண்டும். வேலை அடுத்த ஐப்பசிக்கு முன் முடிந்தாக வேண்டும். அதற்குப் பின் நடந்து பார்க்க வீதி இராது.